கலை மன்றத்துக்கு மீசை எடுத்தவர்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் எல்லாரும் எல்லாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். சின்னண்ணனை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புதிதாக வரும் அதிகாரிகள் முதல் வாரம் விறைப்பாக 'மிஸ்டர் சின்னண்ணன்' என்பார்கள். அடுத்த வாரமே 'அண்ணன் எங்கே?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெயரிலேயே அண்ணனை வைத்துக்கொண்டு பிறந்த மனுஷரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

நான் அங்கே டைப்பிஸ்ட். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். தறிச் சத்தத்தில் வளர்ந்து, டைப்ரைட்டர் சத்தத்தில் வயதானவள். வாய் கொஞ்சம் நீளம் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன், அதை மறுக்கப்போவதில்லை. சின்னண்ணனைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அவரைப் பற்றி ஊரில் இன்றைக்கும் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 'நகராட்சி பணத்தை வெட்டினதும், எதிர்ப்புக் காட்டி மீசையை எடுத்துட்டாராமே' என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். எதிர்ப்பாவது ஒன்றாவது! அந்த மனுஷருக்கு டீக்கடையில் டீ ஆறிப்போயிருந்தால்கூட எதிர்ப்புக் காட்டத் தெரியாது. நடந்தது வேறு. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

கலை மன்றம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் இருந்த நகர்மன்றத் தலைவருக்குக் கூத்து, மேளம் என்றால் உயிர். பூங்காவுக்குள் சிமெண்டில் ஒரு திறந்தவெளி மேடை கட்டினார். மாதம் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பொதுமக்களுக்கு இலவசமாகக் கலை நிகழ்ச்சி என்று தீர்மானம் போட்டார். அதை நடத்த ஒரு மன்றம், மன்றத்துக்கு நகராட்சி வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் அறை, அறைக்குள் ஒரு பீரோ. பீரோவையும் மன்றத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள், சின்னண்ணன்.

அவர் கலையைத் தேடி அங்கே வந்தவர் இல்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் விவசாயி வீட்டில் இளையவர். இருக்கிற நிலமும் கிணறும் மூத்தவருக்கே காணாது என்று ஆனபோது, இவரைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நகராட்சி வரிப் பிரிவில் குமாஸ்தா ஆனார். ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்கு உள்ளது உள்ளபடி வரி போட்டார். அடுத்த மாதமே இவரைக் கலை மன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். "எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. என்னையக் கொண்டு போயி இங்க உட்டுட்டாங்களே அம்மிணி" என்று என் மேஜைக்கு வந்து புலம்பியிருக்கிறார்.

அவருடைய அய்யன் பெயர் செங்கோடன். அந்தப் பக்கத்தில் அப்பாவை அய்யன் என்பார்கள். ஊரில் யாராவது 'சின்னப் பையன் என்ன உத்தியோகம்?' என்று கேட்டால், "கூத்தாடிகளுக்கு வெத்தலை மடிச்சுக் குடுக்கற உத்தியோகம்" என்பாராம் பெரியவர். மகன் நடத்தின ஒரு நிகழ்ச்சிக்குக்கூட அவர் வந்து உட்கார்ந்ததில்லை. குடும்பத்தோடு டவுனில் குடியிருந்தாலும் சின்னண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அய்யனைப் பார்க்கப் போவார். திங்கட்கிழமை காலையில் அவர் முகத்தைப் பார்த்தாலே, முந்தின நாள் பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அது அவருக்கு வலித்தது.

வெற்றிலை என்று பெரியவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் நிகழ்ச்சிக்குச் சின்னண்ணன், அலுவலக வழக்கப்படி முத்திரை குத்திய ஆணையைத் தபாலில் அனுப்பினார். அந்தச் சனிக்கிழமை பெஞ்சு வந்தது, விளக்கு வந்தது, தலைவர் வந்தார், தலைவருக்கு மாலையும் வந்தது. கூத்துக்காரர்கள் மட்டும் வரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓமலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், மருதாசலம் வாத்தியாரிடம் சண்டைக்கு நின்றார். கூத்துச் செட்டுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து, செட்டைக் கட்டி மேய்க்கிறவரை வாத்தியார் என்பார்கள்.

"கடுதாசி வந்துச்சுங்க. வெத்தலை வரலீங்களே?" என்று நிதானமாகக் கேட்டாராம் வாத்தியார்.

அவர்கள் வழக்கம் அது. கூத்துக்குக் கூப்பிடுகிறவர் நேரில் வர வேண்டும். உடுப்புப் பெட்டிக்கு முன்னால் நின்று, வெற்றிலை பாக்கை வாத்தியார் கையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்தத் தேதி அவருடையது. அப்புறம் யார் வந்து எவ்வளவு ஆசை காட்டினாலும் செட்டு வேறு இடத்துக்குப் போகாது. வைக்காவிட்டால் கவர்னரே கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் அது வெறும் காகிதம்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் சின்னண்ணன் மஞ்சள் பையில் வெற்றிலைக் கட்டோடு கிளம்பிவிடுவார். ஓமலூர், பனமரத்துப்பட்டி, வெண்ணந்தூர் என்று பஸ் போகிற ஊருக்குப் பஸ்ஸிலும், போகாத ஊருக்கு நடந்தும் போவார். கூத்து, பொம்மலாட்டம், உடுக்கடிக் கதை, பெரிய மேளம் என்று வருஷம் முழுவதற்கும் வெற்றிலை வைத்துவிட்டுத் திரும்புவார். தணிக்கைக்கு வருகிறவர்கள் 'வெற்றிலை பாக்குச் செலவு எதற்கு?' என்று ஆட்சேபம் எழுதுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே பதிலை நானும் சளைக்காமல் டைப் அடித்துக் கொடுப்பேன். வாத்தியார்களோடு பழகிப் பழகி அவரும் வெற்றிலை போடக் கற்றுக்கொண்டார். ராகமும் தாளமும் கடைசிவரை வரவில்லை. ஆனால் எந்தச் செட்டில் யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யார் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

கூத்துப் பிரியரான அந்தத் தலைவர் போனார். பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றமும் போய், தனி அலுவலர்கள் ஆட்சி வந்தது. வந்த ஒவ்வொருவரும் எங்கேயாவது சிக்கனம் பிடிக்க வேண்டுமே என்று பார்ப்பார்கள். சாக்கடையில் கை வைத்தால் ஊர் நாறும், சம்பளத்தில் கை வைத்தால் சங்கம் கத்தும். கலை மன்றத்தில் கை வைத்தால் யார் கத்துவார்கள்? சின்னண்ணனா?

ஒரு வருஷம் விளக்குச் செலவை வெட்டினார்கள். சின்னண்ணன் நிகழ்ச்சியை வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்து, இருட்டுவதற்குள் முடிக்கச் சொன்னார். "பாட்டுல பாதியத்தான் பாடறமுங்க" என்று வாத்தியார்கள் முனகினார்கள். இன்னொரு வருஷம் நோட்டீஸ் அச்சடிக்கப் பணமில்லை என்றார்கள். பூங்கா வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, தானே சாக்பீஸில் எழுதினார். பெஞ்சு வாடகை போனபோது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கேட்டு வாங்கினார். செட்டுக்காரர்களின் வண்டிச் செலவு போனபோது, லாரி பட்டறைக்காரர்களிடம் போய் நின்றார். பாடி கட்டி முடித்த லாரியை ஓட்டிப் பார்க்கக் கொண்டு போகிறவர்கள், ஓமலூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு உடுப்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். புதுப் பெயிண்ட் வாசனையோடு ராஜா வேஷக்காரர் வந்து இறங்குவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் அவர் இப்படி ஏதாவது செய்து சமாளித்துவிடுவார். சமாளித்தாரே என்று அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். "நீங்க சமாளிக்கிறதாலதான் வெட்டறாங்க. ஒரு தடவை கையை விரிச்சுப் பாருங்க" என்று நான் கோபமாகவே சொல்லியிருக்கிறேன். "அதெப்படி அம்மிணி, வெத்தலை வெச்சாச்சே" என்பார்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. எண்பத்து மூன்று பிறந்தபோது, ஊருக்குத் தண்ணீர் தரும் பனமரத்துப்பட்டி ஏரியில் மாடு மேய்ந்தது. எங்கள் ஊரில் குழாய் என்பது சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்பு, அவ்வளவுதான். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அலுவலகம் வருவேன்; மத்தியானம் ஓடிப்போய் வரிசை நகர்ந்ததா என்று பார்ப்பேன். பாவு நூல் தோய்க்கத் தண்ணீர் இல்லாமல் எங்கள் தெருவில் தறிகள் நின்றன. அந்த மார்ச்சில் தனி அலுவலர் கலை மன்றத்துக்கான தொகையை முழுவதுமாக நிறுத்தி, அதைத் தண்ணீர் லாரிக்கு மாற்றி உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவை டைப் அடித்தவள் நான்தான். அடிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. தண்ணீரா கூத்தா என்று கேட்டால் நான் தண்ணீர் என்றுதான் சொல்வேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். சின்னண்ணனும் அதையேதான் சொன்னார். "தண்ணிக்குத்தான் அம்மிணி மொதல்ல. அதுல தப்பில்ல" என்றார். ஆனால் அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. தை மாதமே அவர் எல்லாருக்கும் வெற்றிலை வைத்துவிட்டு வந்திருந்தார்.

'நிதி நெருக்கடி காரணமாக நிகழ்ச்சிகள் ரத்து செய்யப்படுகின்றன' என்று ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு கடிதம் போயிற்று. அத்தோடு முடிந்தது என்று அலுவலகம் நினைத்தது. சின்னண்ணனைத் தண்ணீர் லாரிப் பிரிவுக்கு மாற்றி, எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தார்கள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், படியேறி ஒரு கூட்டம் வந்தது. முன்னால் மருதாசலம் வாத்தியார். பின்னால் பொம்மலாட்டக்காரர், உடுக்கடிக்கிறவர், மேளக்காரர்கள், எனக்குப் பெயர் தெரியாத இன்னும் சில பேர். எல்லாரும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள்.  நேராகச் சின்னண்ணன் மேஜைக்குப் போய், வாத்தியார் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். சாவு வீட்டில் துக்கம் கேட்கிறவர்கள் நீட்டுகிற மாதிரி. சின்னண்ணன் திகைத்துப் போனார். ஆனால் பழகின கை, தன்னால் நீண்டு அந்தக் கைகளைத் தொட்டது. அடுத்தவர் நீட்டினார். அதையும் தொட்டார். இப்படியே வரிசையாக எல்லாரும் கை கொடுத்தார்கள். வரிப் பிரிவு குமாஸ்தா எழுந்து நின்று செருப்பைக் கழற்றிவிட்டார்.  வெண்ணந்தூரில் பெரியவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, நமக்குத் தெரியாமல் இவர்களுக்குத் தகவல் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

"யாருங்க சாமி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் வாத்தியார்.

"யாருன்னா?"

"போனது யாருங்க?"

"யாரும் போகலீங்களே. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம்" என்றார் சின்னண்ணன்.

வாத்தியார் குழம்பிப் போனார். மடியிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்தார். "வெத்தலை முறிஞ்சுதுன்னு எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொன்னாங்க. வெத்தலை வெச்ச ஊட்டுல எழவு விழுந்தாலொழிய வெத்தலை முறியாதுங்களே. உங்கூட்டுல யாருக்கு என்ன ஆச்சோன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லியனுப்பிச்சு, எல்லாரும் ஓடியாறமுங்க."

அலுவலகத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'நிதி நெருக்கடி' என்று நான் அழகாக டைப் அடித்தது, அவர்கள் ஊரில் சாவுச் செய்தியாகப் போய் இறங்கியிருக்கிறது. பணமில்லாமல் வெற்றிலையை முறிப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சின்னண்ணன் எல்லாரையும் சுவரோரம் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னார். ஏரி வற்றியதை அவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அவர்கள் ஊரில் கிணறே வற்றியிருந்தது. கேட்டு முடித்ததும் வாத்தியார் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப வெத்தலை முறியலைங்க. பணந்தானுங்களே இல்ல? சனிக்கெழமை வாரோம், ஆடறோம். போங்க சாமி, என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டோம்."

"சும்மாவா வருவீங்க? வேண்டாமுங்க. பஞ்ச காலத்துல வேற நல்ல ஆட்டம் கெடைச்சா போங்க."

"கெடைக்காம என்னுங்க? மழைக்குன்னு ஊர் ஊரா கூப்படறாங்க. ஒவ்வொரு ஊருலயும் பத்து ராத்திரி ஆட்டம். இந்த மாதிரி ஒரு வருசம் எங்களுக்கு வந்ததே இல்ல. ஆனா நடுவுல உங்க சனிக்கெழமை நிக்குதுங்களே. ஆரம்பிச்ச ஆட்டத்தை நடுவுல நிறுத்தினா மழை வருமா? வேண்டாம்னு சொல்லிட்டோம்."

எனக்கு வந்ததே கோபம்! வறட்சி என்று டவுனில் கூத்தை நிறுத்துகிறார்கள். அதே வறட்சிக்குத்தான் கிராமத்தில் கூத்து வேண்டும் என்கிறார்கள். வராத பணத்துக்காக வருகிற பிழைப்பை விட்டுவிட்டு இந்த ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே! "ஒரு வெற்றிலைக்காகவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"வெத்தலை வாங்கின பெட்டிங்க அம்மிணி அது. ரெண்டு வெத்தலைக்கு ஆடினா கிரீடம் தலையில நிக்காதுங்க" என்றார் வாத்தியார். அதில் வீம்பு எதுவும் இல்லை. மேட்டில் தண்ணீர் ஏறாது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"தூரத்துச் சொந்தம் யாராவது செத்துப் போனதாச் சொல்லிடுங்களேன்" என்று சின்னண்ணன் காதில் சொன்னேன்.

"உசுரோட இருக்கறவங்களை நான் எப்படி அம்மிணி சாவக் குடுக்கறது?" என்றார்.  பிறகு வாத்தியாரிடம், "மன்றந்தானுங்க செத்துப் போச்சு. அது பொய்யில்லீங்களே?" என்று கேட்டார்.

வாத்தியார் யோசித்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். "மன்றத்துக்குப் பங்காளி யாருங்க?"

"நாந்தான். வேற யாரு இருக்கறாங்க?"

"வெத்தலை வெச்ச கையும் உங்களுதுதான்." வாத்தியார் தயங்கினார். "பங்காளி துக்கம் காத்தா முறியுமுங்க. ஆனா..." என்று சின்னண்ணன் மீசையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "வேண்டாமுங்க சாமி. உங்க அய்யன் இருக்கறாரு."

அங்கே இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. துக்கம் காக்கிறவர் மீசையை எடுக்க வேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுத்தால், அவர்கள் பக்கத்தில் அது தகப்பனைக் கையால் கொன்ற மாதிரி. வழுக்கி விழுந்து வாயில் தையல் போட வேண்டி வந்தால்கூட, மீசையை விட்டுத் தைக்கச் சொல்கிற ஆட்கள். இத்தனை வருஷமாகத் தன்னை மதிக்காத அய்யனுக்கு, மகன் செய்யக்கூடியதிலேயே பெரிய அவமரியாதை அது.

சின்னண்ணன் எழுந்து போனார். கீழே எதிர் வரிசையில் இருந்த சலூனுக்குத்தான் போனார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்கய்யன் என்னைய உசுரோட உட மாட்டாருங்க" என்று மறுத்துவிட்டாராம். திரும்பி வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மன்ற அறையைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேஷக்காரர்கள் முகத்துக்கு வர்ணம் பூச அங்கே ஒரு கண்ணாடி உண்டு. நாங்கள் எல்லாரும் வெளியே நின்றோம். தனி அலுவலர்கூட வராந்தாவுக்கு வந்து, என்ன கூட்டம் என்று கேட்டார். வரிப் பிரிவு குமாஸ்தா மெதுவாக அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

கதவு திறந்தது. மேலுதடு வெள்ளையாக, அம்மணமாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். அத்தனை நாள் பார்த்த மனுஷர் போய், யாரோ ஒரு சின்னப் பையன் வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், எதற்கு மறைக்க வேண்டும்?

வாத்தியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சின்னண்ணனை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பிப் படியிறங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வழக்கமாக அவர்கள் கிளம்பும்போது 'போயிட்டு வாரமுங்க, போயிட்டு வாரமுங்க' என்று இரண்டு மூன்று தடவை சொல்லாமல் நகர மாட்டார்கள். அன்று ஒருவரும் சொல்லவில்லை. துக்க வீட்டில் யாரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை. அப்போதுதான் எங்கள் தனி அலுவலருக்கும் தான் எதை நிறுத்தினோம் என்று புரிந்திருக்க வேண்டும். அவர் உள்ளே போய்விட்டார்.

உத்தரவை ஒன்றும் அவர் மாற்றவில்லை. மாற்றியிருக்கவும் கூடாது, அந்தக் கோடையில் லாரி வராமல் போயிருந்தால் எங்கள் தெருவில் கொலை விழுந்திருக்கும். பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரி நிரம்பி, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் திரும்பிய பிறகு, கலை மன்றத்துக்கு மறுபடியும் கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. சின்னண்ணன் அதை வைத்துக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை என்று நடத்தினார். ஓய்வு பெறும் வரை அந்தப் பீரோவை அவர்தான் பார்த்துக்கொண்டார். இப்போது எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் மீசை எடுத்த அந்தப் பங்குனியில் யாருக்கும் எதுவும் தெரியாது. மன்றம் செத்தது செத்ததுதான் என்றே நினைத்திருந்தோம்.

வீட்டில் அவர் மனைவி கண்ணாத்தாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாராம்.  அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணன் வெண்ணந்தூர் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. லாரி எந்தத் தெருவுக்கு எப்போது போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். "அய்யனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "ஓமலூருக்கும் எங்கூருக்கும் ஒரம்பரை, சொந்தபந்தம் இருக்குது அம்மிணி. அன்னைக்குப் பொழுது உழறதுக்குள்ளயே தெரிஞ்சிருக்கும்" என்றார். "எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்?" என்று அவர் கேட்டபோது, தைரியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பேசுகிற எனக்கே வரவில்லை.

பெரியவர் தானே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை. படியேறியதில் மூச்சு வாங்கியது. என்னிடம்தான் வந்து கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, சின்னண்ணன் இங்கதான் இருக்கறானா?" சாயல் தெரிந்துவிட்டது.  பக்கத்து மேஜையைக் காட்டினேன்.

சின்னண்ணன் எழுந்தார். "வாங்கய்யா" என்றார். கை தானாக வாயை மூடிக்கொண்டது.

"கையை எடு" என்றார் பெரியவர்.

எடுத்தார். பெரியவர் வெகு நேரம் பார்த்தார். 

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா உட்டிருப்பீங்களாய்யா?"

"உட்டிருக்க மாட்டேன்." பெரியவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். "நம்மூர்ல மழைக்குக் கூத்து வெக்கறோம். மாசியிலயே போயி அந்த ஓமலூரு வாத்தியாரைக் கேட்டோம். முடியாது, டவுனுக்காரங்க வெத்தலை இருக்குதுன்னுட்டாரு. யாரு அந்த டவுனுக்காரன்னு நானே திட்டிப்போட்டு வந்தேன். போன வாரம் அவரே சொல்லியனுப்பிச்சாரு, வெத்தலை முறிஞ்சுது, வாரேன்னு. எப்படி முறிஞ்சுதுன்னு கேட்டதுக்கு, மொதல்ல வாயைத் தொறக்கல. பொறகு சொன்னாரு."

பெரியவர் குடையை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"நாளைக்கு ஆரம்பம். கெளம்பு."

"நான் எப்படிங்கய்யா வாரது? இந்த மூஞ்சியோட ஊருக்குள்ள வந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"என்ன நெனைப்பாங்க? நாஞ் செத்துட்டேன்னு நெனைப்பாங்க" என்றார் பெரியவர். "அதுக்குத்தான் நானே வந்தேன். ஒரே பஸ்ஸுல போலாம். கூத்து முடியற வரைக்கும் எம் பக்கத்துலயே உக்காரு. நான் இருக்கறேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

சின்னண்ணன் என்னைப் பார்த்தார்.  "நீங்க கெளம்புங்கண்ணா, லீவு நான் எழுதிக்கறேன்" என்றேன். பெரியவர் எழுந்து குடையை மகன் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்தே படியிறங்கினார்கள்.